பட்டாவில் ஏறாத பெண்கள்

புரட்டாசிக் கடைசியில் ஓர் உழவு மழை விழுந்துவிட்டால் போதும். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி என்று நீளும் வானம் பார்த்த பூமி முழுக்க ஆள் அரவம் எழுந்துவிடும். மக்காச்சோளம் ஊன்றுவது, பருத்தி விதை போடுவது, களை எடுப்பது, உரம் வைப்பது, உளுந்து பிடுங்குவது, வெடித்த பருத்தியை எடுத்து மடியில் சேர்ப்பது எல்லாம் பெண்கள் வேலை. டிராக்டர் ஓட்டவும், மருந்து அடிக்கவும், விளைந்ததைக் கமிஷன் கடையில் போட்டுப் பணம் வாங்கவும் ஆண்கள் வருவார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் அவர்களில் பலருக்குப் பிழைப்பு திருப்பூரிலோ சென்னையிலோ கேரளத்திலோ வளைகுடாவிலோ இருக்கிறது. மழை பொய்த்தால் மறு ஆண்டுவரை வருமானமில்லாத மண்ணில் அதைக் குறை சொல்ல முடியாது.

இனி அதே காட்டின் பட்டாவை எடுத்துப் பாருங்கள். 'இன்னார் மகன் இன்னார்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சில பட்டாக்களில் எப்போதோ இறந்துபோன தாத்தாவின் பெயரே இன்னும் நிற்கும். கிராமத்தார் 'யு.டி.ஆர்.' என்று சொல்லும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980-களில் நடந்தபோது, வீட்டு மூத்த ஆணின் பெயர் பதிவேட்டில் ஏறியது. பிறகு அது மகன்கள் பெயருக்கு மாறியது. அந்த வீட்டில் பிறந்த மகள்களின் பெயரைப் பட்டாவில் காண்பது அரிது. அந்த நிலத்தில் இன்றைக்கு இறங்கிப் பாடுபடுகிற மருமகளின் பெயரும் அதில் இல்லை.

நாடு முழுவதும் நிலைமை இதுதான். கிராமத்துப் பெண் உழைப்பாளிகளில் நாலில் மூன்று பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள் என்கின்றன மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி நில உடைமைகள் 100-க்கு 14-ஐ எட்டவில்லை. ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். படிப்பு, வேலை, உடை, பேச்சுரிமை என்று எல்லாம் அதில் வருகின்றன, வர வேண்டியவைதான். ஆனால் இந்த வறண்ட பூமியில் சமத்துவத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேரான அளவுகோல் ஒன்றே ஒன்று: நிலம் யார் பெயரில் இருக்கிறது? மகளுக்கு உரிய பங்கு மகள் பெயரில் எழுதப்படாத வரை மற்ற எல்லா முன்னேற்றமும் அரைகுறைதான் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது.

பெயர் இல்லாவிட்டால் என்ன?

"பட்டா யார் பேர்ல இருந்தா என்ன, குடும்பத்துக்குத்தானே வருது" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். என்ன போகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். தவணை தவறாமல் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் அந்தக் கடனுக்கு வட்டியே கிடையாது. சிட்டாவில் பெயர் இல்லாத பெண் எங்கே போவாள்? குழுக் கடனுக்குப் போகிறாள். ஆண்டுக்கு இருபது சதவீதத்துக்கும் மேல் வட்டி. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர். ஒரே ஊர், ஒரே மண், ஒரே பயிர். பெயர் உள்ளவருக்கு வட்டியில்லாக் கடன், பாடுபடுபவருக்கு வட்டிக் கடன்.

பிரதமரின் கிசான் உதவித் தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் அது. மாமனார் பெயரில் பட்டா இருந்தால், அந்த நிலத்தை ஆண்டாண்டாக உழைத்துக் காப்பாற்றும் மருமகள் அரசுக் கணக்கில் விவசாயியே கிடையாது. 2018-இல் மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு இறங்கியபோது, இலை இலையாக விரித்துப் பார்த்துப் புழுவை நசுக்கியது பெண்களின் விரல்கள். புழு அரித்தாலும், காட்டுப்பன்றி புகுந்து ஒரே இரவில் கதிரைச் சாய்த்தாலும், நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் பதிவேட்டைப் பார்த்துத்தான் வருகின்றன.

தரிசாகக் கிடக்கும் காட்டில் சீமைக்கருவேல் மண்டுகிறது. வெட்டிக் கரி போட வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். முள்ளை அரக்கிக் கட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அடுக்குவதிலும், மேலே தழையும் வைக்கோலும் பரப்பி மண் பூசி மூட்டம் போடுவதிலும், புகையில் நின்று காவல் காத்து, ஆறிய கரியைச் சலித்து மூட்டையாக்குவதிலும் பெண்கள் இருக்கிறார்கள். கண்ணும் மூச்சும் கெட்டுப்போகிற வேலை. அவர்களுக்குக் கிடைப்பது கூலி. குத்தகைப் பணம் பட்டாக்காரருக்கு.

கூலியிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்பதுதான் காட்டு வேலையின் வழக்கம். 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. களத்தில் அது இறங்கவே இல்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை வந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதிவைத்தார்கள். எந்தக் கிராமமும் அதற்காகக் குடை சாய்ந்துவிடவில்லை. கண்மாய் வெட்டப் போன பெண்ணின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறியது. கூலி அவள் வங்கிக் கணக்குக்கே வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்தார்கள். பெயரை ஏட்டில் ஏற்றினால் ஊரும் பழகிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மகளிர் உரிமைத் தொகையில் ஒரு முரணைப் பலரும் கவனிக்கவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கி மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கைச்செலவுக்கு ஒரு வழி காட்டியது, வரவேற்கிறேன். ஆனால் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் புன்செய் இருந்தால் அவளுக்குத் தகுதி கிடையாது. அவள் பெயரில் ஒரு சென்ட் இல்லாவிட்டாலும் அந்தப் பத்து ஏக்கர் அவள் கணக்கில் சேர்கிறது. இழக்கும்போது மட்டும் அவள் நிலக்காரி.

சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது

பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்பது நகரத்துப் படித்தவர்களின் புதுப் பேச்சு என்று நினைப்பவர்கள் நம் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1937 சட்டம் விதவைக்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை மட்டும் அனுபவிக்கும் உரிமையைத் தந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போனதை முக்கியக் காரணமாகச் சொல்லி 1951 செப்டம்பரில் மத்திய அமைச்சர் பதவியை உதறினார் அம்பேத்கர். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சம பங்கு என்றது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மட்டும் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கே என்று விட்டுவைத்தது.

அந்தக் குறையைத் தமிழ்நாடு 1989-இல் சரிசெய்தது. கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சரிசமப் பங்கு கிடைத்தது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. நாடு முழுமைக்கும் அந்த உரிமை 2005 செப்டம்பர் 9-இல் வந்தது. மணமான மகள், மணமாகாத மகள் என்ற பேதமும் அத்தோடு போனது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் சட்டம் தொடவில்லை.

ஆக, சட்டத்தில் இனி வாங்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் சட்டம் கொடுத்ததை அதே சட்டத்தின் துணையோடு திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம்.

கையெழுத்துக்கு மட்டும் ஒரு மகள்

தந்தை இறந்து காரியம் முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்குகிறார்கள். அதில் மகள்களின் பெயரை விட முடியாது. கட்டிக்கொடுத்த மகளானாலும் பெயர் வந்தாக வேண்டும். அடுத்த கட்டம் சார்பதிவாளர் அலுவலகம். நாலைந்து நாள் முன்பே தங்கைக்குப் போன் போகும். "ஒரு கையெழுத்துத்தான் தாயி, ஆதார் அட்டையும் ரெண்டு போட்டோவும் எடுத்துட்டு வந்திரு." அவள் அதிகாலையில் சோறாக்கி வைத்துவிட்டு, கட்டணமில்லாப் பேருந்தில் வந்து இறங்குவாள். பத்திர எழுத்தர் அலுவலகத் திண்ணையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். பத்திரம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருக்கும். என் பங்கை என் சகோதரர்களுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்ற பொருளில் அதில் எழுதியிருப்பதை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டுவதில்லை. சர்வே எண் என்ன, எத்தனை சென்ட், இன்றைய மதிப்பு என்ன என்று அவளும் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பதிவாளர் முன்னால் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து முடிந்ததும், சாப்பாடும் ஒரு சேலையும் உண்டு. மாலைக்குள் அவள் வீடு திரும்பிவிடுவாள். வாரிசுச் சான்றில் இருந்த பெயர், பட்டாவுக்குப் போகும் வழியில் இப்படித்தான் உதிர்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். எவ்வளவு பெரிய சொத்தானாலும் உச்சவரம்பு 40,000 ரூபாய். தங்கையிடமிருந்து அந்தப் பங்கை விலைக்கு வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. குடும்பங்களுக்கு உதவத்தான் இந்தச் சலுகை. மகளைக் கழற்றிவிடவும் அதுவே வசதியாகிவிட்டது.

அவள் மனமுவந்துதானே கொடுக்கிறாள் என்று கேட்கலாம். சிலர் உண்மையாகவே அப்படிக் கொடுக்கிறார்கள். நலிந்துபோன தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் வசதியான அக்காவை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லா ஊர்களிலும் விட்டுக்கொடுப்பவர்கள் பெண்கள்தான். ஆண்களில் தேடினால் ஒருவரும் கிடைப்பதில்லை என்றால் அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? பங்கு கேட்டவளுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அண்ணன் பேச்சு நிற்கிறது. மதினி முகம் கொடுப்பதில்லை. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி கிடைக்காது. மகள் சடங்குக்கு, கல்யாணத்துக்குச் சீர் வராது. நாளைக்குப் புருஷன் அடித்துத் துரத்தினால் போய் நிற்க ஒரு வாசல் இருக்காது. "பங்கை வாங்கிட்டுப் போனவ" என்ற பேச்சு ஊருக்குள் நிலைத்துவிடும். சில சென்ட் புன்செய்க்காகப் பிறந்த வீட்டையே விலையாகக் கேட்கிறோம். அவள் பயந்துதான் கையெழுத்துப் போடுகிறாள். அந்தப் பயத்தைப் பாசம் என்று நாம் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம்.

கேரளத்தில் மேரி ராய் தன் தந்தை சொத்தில் பங்கு கேட்டுச் சொந்தச் சகோதரனையே எதிர்த்து வழக்காடினார். 1986-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு திருவிதாங்கூர் சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அனைவருக்கும் சம பங்கு வாங்கித் தந்தது. படித்த, துணிந்த ஒருவருக்கே அது நீண்ட போராட்டமாக இருந்தது. நரிக்குடிப் பக்கம் களை எடுக்கும் பெண்ணிடம் அந்தத் துணிவைக் கேட்பது நியாயமில்லை. அவள் வழக்குப் போடாமலே கிடைக்க வேண்டியது இது.

சொல்லும் சமாதானங்கள்

முதல் சமாதானம்: "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே." வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-இலிருந்து குற்றம். குற்றச் செயலைக் காட்டிச் சட்டப்படியான பங்கை மறுக்க முடியாது. போட்ட நகையும் பெரும்பாலும் அவள் கையில் தங்குவதில்லை. முதல் இரண்டு ஆண்டுக்குள் புருஷன் வீட்டுக் கடனுக்கு அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அதைவிட வேதனையான ஒன்று உண்டு. இந்தத் தென்பகுதி வறண்ட மாவட்டங்களிலிருந்து பதினெட்டு வயதுகூட நிறையாத பெண்கள், நூற்பாலை விடுதிகளில் மூன்று ஆண்டு தங்கி வேலை பார்த்தார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' அது. பஞ்சுத் தூசியில் நின்று, இரவுப் பணி பார்த்து, அவள் சம்பாதித்த காசில் அவளுக்கே நகை வாங்கிப் போட்டுவிட்டு, "உன் பங்கு முடிஞ்சது" என்று சொல்வது எந்தக் கணக்கு?

இரண்டாவது: "அப்பா அம்மாவை மகன்தானே பாக்கான்." பார்க்கிற மகன்கள் இருக்கிறார்கள். ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதும் துணி மாற்றுவதும் மருமகள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தால் இரவு தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பது மகள். மகன் கட்டணம் கட்டுகிறான், அது பெரிய பொறுப்புதான். 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது; அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். பராமரிப்புக்குக் கூலி நிலம் என்றால், அந்த நிலம் யாருக்குப் போக வேண்டும்?

மூன்றாவது: "நிலம் துண்டு துண்டாப் போயிரும்." நாலு மகன்கள் பிறந்த வீட்டில் இந்தக் கவலை ஒருநாளும் எழுவதில்லை. நாலாகப் பிரித்து, கிணற்றில் முறை வைத்து, வரப்புக்கு அடிதடி நடத்திப் பழகிய ஊர்தான் இது. ஒரு மகள் சேர்ந்தால் மட்டும் நிலம் தாங்காதா? பிரிக்க விருப்பமில்லையென்றால் கூட்டுப் பட்டாவாக வைத்து விளைச்சலில் பங்கு கொடுக்கலாம். சந்தை மதிப்புக்குப் பணமாகவும் கொடுக்கலாம். வழிகள் இருக்கின்றன. மனம்தான் வேண்டும்.

நிலத்துக்கு விலை வந்த பிறகு

ஒரு காலத்தில் இந்தப் புன்செய்க்கு விலையே கிடையாது. அப்போது பங்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகு அருப்புக்கோட்டை வழியாக மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை வந்தது. சாலையோரக் காடுகள் பிளாட்டுகளாயின. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. சுமார் 2,500 ஏக்கர். அதன்பின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தரிசு நிலம் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். விவரம் தெரிந்தவர்கள் வில்லங்கம் வரக்கூடாது என்று அக்காள், தங்கை எல்லோர் கையெழுத்தையும் கேட்கிறார்கள். அதுவரை யாருக்கும் நினைவுக்கு வராத மகள்களைத் தேடிக்கொண்டு கார் போகிறது. கையெழுத்துக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஏக்கர் என்ன விலைக்குப் போனது என்பது அவளுக்கு ஊர்ப் பேச்சாகத்தான் எட்டுகிறது. 1989 சட்டத்தின் பயன் பல குடும்பங்களில் இந்த அளவோடு நின்றுவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டா கணவன் ஒருவன் பெயரில் மட்டும் இருந்தால், அதை அடகு வைக்கவும் விற்கவும் அவன் கையெழுத்தே போதும். சாராயக் கடனுக்கும் சீட்டுக் கடனுக்கும் காடு கைமாறிப் போன பிறகே மனைவிக்குத் தெரியவருகிறது. அவள் பெயரும் சேர்ந்திருந்தால் அவள் கையெழுத்து இல்லாமல் அந்த நிலம் நகராது.

சொத்து அவள் உடம்புக்கும் காவல். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், பிரதீப் பாண்டாவுடன் சேர்ந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் இரண்டுமே வைத்திருந்தவர்களில் அது 7 சதவீதம். சொந்த வாசல் அவர்களுக்குக் காவலாக இருந்திருக்கிறது. போவதற்கு இடம் இருக்கிறவள் மீது கை அவ்வளவு சுலபமாக ஓங்குவதில்லை.

நிலமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பிரிக்க ஏதோ கொஞ்சம் இருக்கிற வீடுகளுக்கு. களை எடுக்கிற, கரி சலிக்கிற பெண்களில் பலருக்கு, குறிப்பாகத் தலித் பெண்களுக்கு, பங்கு கேட்கப் பூர்வீக நிலமே கிடையாது. அவர்களுக்குச் சட்டத் திருத்தம் எதையும் தந்துவிடாது. நிலத்தைத்தான் தர வேண்டும். கீழத் தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கிய 'லாப்டி' அமைப்பு, நிலமற்ற ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. பத்திரத்தைப் பெண்கள் பெயரிலேயே எழுதியது. குடும்பம் ஒன்றும் சிதறிவிடவில்லை. விற்றுக் குடிப்பதற்கு மட்டும் வழியில்லாமல் போனது. தமிழக அரசும் தாட்கோ மூலம் 'நன்னிலம்' மகளிர் நில உடைமைத் திட்டத்தில் நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலையை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்வரை மானியமாகத் தருகிறது. திருச்சுழி, நரிக்குடி போன்ற விலை குறைந்த புன்செய்ப் பகுதிகளில் இந்தத் தொகைக்கு நல்ல அளவு நிலம் கிடைக்கும். ஊர் ஊராக எடுத்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

நிலத்தை விட்டு அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு வந்தாலும் கதை மாறுவதில்லை. நெசவு வீடுகளில் தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் கஞ்சி போடுவதும் பெண்கள். தறியில் உட்காருவதற்கு முன் பாதி வேலை முடிந்திருக்கும். கூலி தறிக்காரர் பெயரில் ஒரே தொகையாக வருகிறது. தார் சுற்றியவளுக்கு அதில் தனிக் கணக்குக் கிடையாது.

செய்ய வேண்டியவை

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய்வரையிலான வீடு, மனை, விவசாய நிலத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை அறிவித்த அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அன்று இதே திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். நல்ல தொடக்கம். அது வாங்குகிறவர்களுக்கு உதவும். வாரிசாக வர வேண்டியதை இழக்கிறவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் தேவை.

முதலாவதாக, மகள் எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு விடுதலைப் பத்திரத்திலும் அவள் விட்டுக்கொடுக்கும் பங்கின் அளவும் வழிகாட்டி மதிப்பும் தனியாக, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சார்பதிவாளர் அவளைத் தனியே அழைத்து அதை வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு மாத அவகாசத்துக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறவும் வழி வேண்டும். இரண்டாவதாக, இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டாக்களை வாரிசுகள் பெயருக்கு மாற்ற கிராமந்தோறும் முகாம் நடத்தி, மகள், மனைவி பெயர்களோடு கூட்டுப் பட்டாவாகவே முதலில் ஏற்ற வேண்டும். கிராம சபையில் கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பெயர்களை வாசிக்கட்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் செய்த மாநிலம் இது; அப்படித் தேர்வாகும் தலைவிகளும் உறுப்பினர்களும் முன்னின்று எடுக்கத்தக்க வேலை இதைவிட வேறில்லை. மூன்றாவதாக, நிலத்தில் உழைக்கும் பெண்ணுக்கு, பட்டா யார் பெயரில் இருந்தாலும், சாகுபடிச் சான்றின் பேரில் பயிர்க் கடனும் நிவாரணமும் தர வேண்டும்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம். படிக்காத பத்திரத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆண்களுக்கும் சொல்ல இருக்கிறது. தங்கைக்குச் சீர் செய்தே கடனாளியான அண்ணன்கள் இந்த ஊர்களில் ஏராளம். சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து, பொங்கல்படி என்று வாழ்நாள் முழுவதும் கொடுத்து மாய்கிறார்கள். உரிய பங்கை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சுமை இறங்கும். தங்கையும் கை ஏந்தி நிற்க வேண்டியதில்லை. உறவு அன்பில் நிற்கும்.

தந்தைமார்களே, உயில் எழுதுகிறீர்கள் என்றால் மகள் பெயரையும் எழுதுங்கள். அண்ணன் தம்பிமார்களே, அடுத்த முறை தங்கையைப் போனில் அழைக்கும்போது விடுதலைப் பத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொல்லுங்கள். அவள் பங்கை அவள் பெயரில் பட்டாவில் ஏற்றிக் கொடுங்கள். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.